பனியில் சாகாத செடியும் எங்கள் வீட்டுச் சுவரும்

ஆடிக் காற்று தெருக் குப்பையையெல்லாம் எடுத்துச் சுழற்றிக்கொண்டிருந்த ஒரு மதியம். கடை வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. மீஞ்சூரில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர் அதிலிருந்து இறங்கினார். காலையில் நான் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை முழுக்கப் பச்சைக் கறை. தோளில் ஒரு கட்டுக் குச்சி.

துக்கம் விசாரிக்கப் போனவர் எதற்கு விறகு சுமந்து வருகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கட்டைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார். ஊருக்கெல்லாம் கயிறு விற்கிற மனிதர், கட்டுவதற்குக் கயிறு இல்லாமல் தன் தோள் துண்டால் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"செடி."

"குச்சியால்லா இருக்கு."

"நட்டா செடி," என்றார்.

நான் உள்ளே போய்விட்டேன். அந்த வருடத்தில் அவர் வீட்டுக்குக் கொண்டு வந்த செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, பின்பு அவற்றைப் பிடுங்கிக் குப்பை வண்டியில் போட்டு, எனக்கு அலுத்துப் போயிருந்தது.

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கடை திருவொற்றியூரில், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலையில் இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு. கயிறு, வலைக்குக் கட்டுகிற மிதவை, படகுக்கு அடிக்கிற பெயின்ட் எல்லாம் கிடைக்கும். வீட்டுக்காரர் குடும்பம் நாசரேத் பக்கத்திலிருந்து வந்து இங்கே கடை போட்டது. கடலுக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே வந்து ஷட்டரைத் தட்டுவார்கள். அண்ணாச்சி தூங்கினாலும் கயிறு கொடுப்பார் என்று குப்பத்தில் பெயர்.

பனி மூடிய வேலி

எல்லாம் ஜெனி அனுப்பிய ஒரு வீடியோவில் தொடங்கியது.

ஜெனி எங்கள் ஒரே மகள். கனடாவில் இருக்கிறாள். பொங்கல் முடிந்த சமயம் அது. அவள் வீட்டு வாசலில் பனி கொட்டிக் கிடந்ததைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். காரைக் காணோம். தபால் பெட்டியின் தலை மட்டும் தெரிந்தது. ஆனால் வீட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்கு ஒரு வேலிச் செடி, தலையில் பனியைச் சுமந்துகொண்டு, பச்சையாக நின்றது.

வீட்டுக்காரர் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு அவளைக் கூப்பிட்டு, அது பிளாஸ்டிக்கா என்று கேட்டார்.

உண்மையான செடிதான், குளிர்காலம் முழுக்க இப்படித்தான் நிற்கும், இலை உதிர்க்காது என்றாள் ஜெனி. அதோடு விட்டிருந்தால் இந்த அத்தியாயமே இருந்திருக்காது. அவள் வழக்கம்போல மாத்தூர் பேச்சை எடுத்தாள்.

எங்களுக்காகவே மாத்தூரில் ஒரு ஃபிளாட் வாங்கிப் பூட்டிப் போட்டிருந்தாள் அவள். எனக்கு மூச்சு இழுப்பு உண்டு. இந்தச் சாலைத் தூசியை விட்டுத் தள்ளிப் போனால் பாதி குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் பால்கனிக் கம்பியைத் துடைத்தால் மாலையில் தொட்டால் கை கறுப்பாகிவிடும். அந்தத் தூள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டுவார்கள். வருவது மட்டும் நிற்காது.

வீட்டுக்காரருக்கு மாத்தூர் என்றாலே முகம் சுருங்கிவிடும். "மாத்தூர்ல மட்டும் என்ன, ஊட்டிக் காத்தா அடிக்கி? மணலி ஃபேக்டரி நாத்தம் அங்கயுந்தான் வரும்," என்பார். கடைக்கு மேலே குடியிருந்தால்தான் விடியற்கால வியாபாரம் நடக்கும் என்பது அவர் கட்சி.

அன்றைக்கு அந்த வேலியைக் காட்டி அவர் புதிதாக ஒன்று சொன்னார். பனியில் மாதக்கணக்காகப் புதைந்து கிடந்தும் ஒரு செடி பச்சையாக நிற்கிறது. நம் சுவரோரம் அப்படி ஒன்றை வளர்த்துவிட்டால் தூசி இலையிலேயே நின்றுவிடும், உள்ளே வராது, மாத்தூரும் வேண்டாம்.

எனக்கு அப்போதுதான் ஒரு இழுப்பு வந்து அடங்கியிருந்தது. கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"சரி. அப்படி ஒண்ணு வளத்துக் காட்டுங்க. வார கிறிஸ்மஸுக்கு ஜெனி வருவா. அன்னைக்கு அது பச்சையா நின்னா, நான் மாத்தூர் பேச்சே எடுக்க மாட்டேன். நிக்கலன்னா பூட்டிட்டுக் கெளம்பணும்."

"சரி," என்றார்.

போனில் இருந்த ஜெனி, நான் சாட்சி என்றாள்.

போய்ச் சேர்ந்தவை

முதலில் வந்தவை குரோட்டன்ஸ். மஞ்சளும் சிவப்புமாக அழகாகத்தான் இருந்தன. சுவருக்கு உள்பக்கம் ஒரு முழ அகலத்துக்கு மண் இருந்தது. மண் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். செங்கல் துண்டும் சிமென்டும் கடல் மணலும் கலந்த ஒரு பொருள். அதில் வரிசையாக நட்டார். பங்குனிக்குள் இலைகள் கரி பூசி, பழைய செருப்புத் தோல் மாதிரி ஆகி, ஒன்றொன்றாக விழுந்தன.

போர்வெல் தண்ணீர் உப்பு என்பது எங்களுக்குத் தெரியும். அதை ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் குடிக்கிற தண்ணீரில் பங்கு கொடுத்தேன். அதற்கும் அவை மசியவில்லை.

அடுத்தது துஜா. மாதவரம் பக்கத்து நர்சரியில் ஒரு ஆள், இது குளிர் தேசத்துச் செடி சார், பனிக்கே அசராது என்று சொல்லியிருக்கிறார். பனி என்ற ஒரு வார்த்தை போதாதா? என் வீட்டுக்காரர் அங்கே இருந்த அத்தனையையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

கூம்பு கூம்பாக நின்ற அவற்றைப் பார்த்துப் போவோர் வருவோர் எல்லாம் நல்லாருக்கு அண்ணாச்சி என்றார்கள். சித்திரை வெயிலும் கடல் காற்றின் உப்பும் சேர்ந்து கடல் பக்கம் பார்த்த பாதியை முதலில் பொசுக்கின. கடைப் பக்கத்துப் பாதி கொஞ்ச நாள் தாக்குப் பிடித்தது. அவர் அந்தப் பாதியை எனக்குக் காட்டி, இன்னும் உயிர் இருக்கிறது என்று வாதாடினார். பனிக்கு அசராதது வெயிலுக்கும் அசராது என்று எந்த நர்சரியில் எழுதி வைத்திருக்கிறது என்று நான் கேட்டேன்.

பிறகு செம்பருத்தி. அது மாவுப்பூச்சிக்கு விருந்தானது. வேப்பெண்ணெய் அடித்து அடித்து வீடே கசந்தது. மிச்சம் இருந்ததை ஆடு மேய்ந்தது. கடை என்பதால் கேட்டைச் சாத்தவும் முடியாது.

இதற்கு நடுவில் தேசம்மா ஒரு பக்கம். தேசம்மா எங்கள் கேட்டை ஒட்டி உள்பக்கமாகப் பலகை போட்டு, சாயங்காலங்களில் மீன் விற்கிறவள். அவள் புருஷனும் மைத்துனரும் படகு வைத்திருக்கிறார்கள். எங்களிடம்தான் கயிறு வாங்குவார்கள். மீன் கழுவின உப்புத் தண்ணீரை அவள் எங்கே கொட்டுவாள்? கைக்கு எட்டின மண்ணில்தான், அதாவது செடியின் அடியில்.

நான் சத்தம் போட்டால், மீன் தண்ணி உரம் என்பாள். உரத்தில் ஏன் இத்தனை உப்பு என்று கேட்டால், கடல்ல உப்பு இல்லாம சக்கரையா இருக்கும் என்பாள். அவளிடம் பேசி ஜெயிக்க என்னால் முடிந்ததில்லை.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு செடி போகும்போதும் எனக்கு உள்ளுக்குள் மாத்தூர் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. அந்த ஃபிளாட்டின் சமையலறையில் எந்த அலமாரியில் எதை வைப்பது என்று கூட முடிவு செய்து வைத்திருந்தேன்.

அரளி

அரளி வைத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். நானே அவரிடம் ஒரு நாள் கேட்டேன், போட்டியில் எதிர்க்கட்சி என்பதை மறந்து. நெடுஞ்சாலை நடுவில் டீசல் புகையில் அதுதானே பூத்துக்கொண்டு நிற்கிறது.

அவர் அளந்துகொண்டிருந்த கயிற்றை நிறுத்தவில்லை. "அது வேண்டாம்," என்றார்.

ஏன் என்று கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். அவருக்கு ஒரு அக்கா இருந்தாள். கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் அரளி விதையை அரைத்துக் குடித்துவிட்டாள். நான் அந்தக் குடும்பத்துக்குள் வருவதற்கு ரொம்ப முன்னால் நடந்தது. அவளைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். படமும் மாட்டவில்லை. அவளுடைய பிறந்தநாளில் இவர் மட்டும் காலையில் தனியாகக் கோயிலுக்குப் போய்விட்டு வருவார். எதற்கு என்று நானும் கேட்டதில்லை.

அதனால் எங்கள் சுவரோரம் அரளி வரவில்லை. தோற்றாலும் அது வேண்டாம் என்று அவர் நினைத்தது எனக்குப் புரிந்தது.

ரயிலில் வந்த கட்டு

மீஞ்சூரிலிருந்து திரும்பிய அந்த மதியத்துக்கு வருகிறேன்.

ரயில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் சிக்னலுக்காக நின்றுவிட்டதாம். கும்மிடிப்பூண்டி லைனில் இது புதிதல்ல. சரக்கு வண்டி எல்லாம் போன பிறகுதான் மனிதர்கள் போகலாம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் பிளாட்பாரத்தின் ஓரத்தைப் பார்த்திருக்கிறார். இடுப்பு உயரத்துக்கு ஒரு வேலி, அடர்ந்து, கரும்பச்சையாக, சதுரமாக வெட்டி விடப்பட்டிருந்தது. அதன் மேலும் கரித்தூள் இருந்தது. ஆனாலும் பச்சை.

ஒரு தொழிலாளி அதைக் கத்தரித்துக் கிளைகளைக் குவித்துக்கொண்டிருந்தார். என்ன செடி என்று இவர் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறார். வேலிச் செடி என்று பதில் வந்தது. யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டதற்கு, மழை என்றாராம் அவர். அந்த நேரம் பார்த்து வண்டி நகர, இவர் துள்ளி இறங்கிவிட்டார். குவிந்து கிடந்த கிளைகளை அள்ளிக் கட்டிக்கொண்டு அடுத்த வண்டியில் வந்திருக்கிறார்.

நாங்கள் பல வருடங்களாக அந்த லைனில் போய் வருகிறோம். அந்த வேலி அங்கேயே நின்றிருக்கிறது. நாங்கள்தான் செடி தேடி மாதவரத்துக்கும் மணலிக்குமாக அலைந்திருக்கிறோம்.

அன்றைக்கே அத்தனை குச்சியையும் சாணி கலந்த மண்ணில் நெருக்கமாக ஊன்றினார். இலையைக் கசக்கிப் பார்த்தேன். கசப்பும் வாடையும் கலந்த ஒரு நெடி. ஆடு ஒன்று வந்து முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. அது எனக்கு நல்ல சகுனமாகத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து நாசரேத்திலிருந்து போன் வந்தது. அவருடைய அண்ணன் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பிள்ளைகள் இல்லாத மனிதர், அண்ணியும் தவறிவிட்டார்கள். இவர் ஒரு பையோடு கிளம்பினார். கடையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நின்று சொன்னார். படியிறங்கும்போது சுவரோரம் ஒரு தரம் பார்த்தார்.

"பாத்துக்கோ," என்றார். அவ்வளவுதான்.

தண்ணீர்

சில நாளில் வந்துவிடுகிறேன் என்றவர் ஆவணியிலும் வரவில்லை, புரட்டாசியிலும் வரவில்லை. அண்ணன் எழுந்து நடக்கவில்லை. தினமும் போன் செய்வார். எட்டு எம்எம் கயிறு வந்துவிட்டதா, மிதவை தீர்ந்துவிட்டதா என்று கேட்பார். செடியைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் நான் உண்மை சொல்ல வேண்டும், அல்லது பொய் சொல்ல வேண்டும். இரண்டிலும் என்னை மாட்டிவிட அவர் விரும்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருந்தன்மை எனக்கு எரிச்சலாக இருந்தது.

நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். வேர் பிடிக்காத குச்சி, நான்கு நாள் வெயிலில் தானாகக் காய்ந்துவிடும். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. முன்னால் வந்தவை எல்லாம் அப்படித்தானே போயின.

அவர் போன பிறகு முதல் நாள் காலையில் கடை திறந்து பார்த்தேன். குச்சிகளின் நுனி வாடியிருந்தது. திட்டிக்கொண்டே ஒரு வாளி ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். ஏன் ஊற்றினேன் என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. கண்ணெதிரில் ஒன்று காய்வதைப் பார்த்துக்கொண்டு கல்லாவில் உட்கார என்னால் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சாலையில் வடிகால் தோண்ட வந்தார்கள். தோண்டியதில் குடிநீர்க் குழாய் உடைந்தது. பள்ளத்தை மூட ஒருவரும் வரவில்லை. லாரித் தண்ணீர்தான் என்றானது. லாரியோ பள்ளத்தைத் தாண்டி வராது. தெருமுனையிலிருந்து குடத்தில் சுமக்க வேண்டும். சமையலுக்கு, குடிப்பதற்கு, பிறகு அந்தக் குச்சிகளுக்கு.

ஒரு நாள் சாயங்காலம் சுவரோரம் குடத்தை இறக்கினேன். நிமிர முடியவில்லை. நெஞ்சுக்குள் கதவைச் சாத்திவிட்டது போல இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தேசம்மா மீன் பலகையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். கல்லா மேசையிலிருந்து என் இன்ஹேலர் பஃப்பை எடுத்து வந்து கையில் வைத்தாள். என் முதுகில் அவள் ஈரக் கை வெகு நேரம் இருந்தது. மூச்சு திரும்பிய பிறகுதான் பேசினாள்.

"இன்னாக்கா இது? நாலு குச்சிக்கோசரம் உசுர வுட்டுடுவ போல கீதே."

போட்டியைப் பற்றி அவளிடம் சொன்னேன். அதுவரை அவளுக்குத் தெரியாது.

"அப்ப இது பொயச்சிக்கினா நீ தோத்துடுவ."

"ஆமா."

"காஞ்சி பூட்டா நீ மாத்தூர் போலாம்."

"ஆமா."

"அப்பால எதுக்குக்கா தண்ணி ஊத்துற?"

"பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போயிருக்காவ."

"உனுக்குக் கிறுக்குதான் புட்ச்சிகீது," என்றாள். எழுந்து, குடத்தில் மிச்சம் இருந்ததை அவளே குச்சிகளுக்கு ஊற்றினாள்.

மறுநாள் முதல் மீன் பலகை கேட்டின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது. மீன் தண்ணீரை வடிகால் பள்ளத்தில் கொட்டினாள். லாரி வந்தால் அவளே இரண்டு குடம் கொண்டு வந்து இறக்குவாள். இறக்கும்போது என்னையும் அண்ணாச்சியையும் லாரிக்காரரையும் சேர்த்து வைவாள். நான் தூக்கப் போனால் என்னை மட்டும் வைவாள்.

குச்சிகள் துளிர்த்தன. முதலில் கணுவில் ஒரு பச்சைப் புள்ளி. பிறகு ஜோடி ஜோடியாகப் பளபளவென்று சின்ன இலைகள். அதைப் பார்த்து எனக்கு வந்தது சந்தோஷமில்லை என்று சொன்னால் நம்ப வேண்டும். சமையலறை அலமாரிகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக மூடினேன்.

கறுப்புத் தண்ணீர்

ஐப்பசி பிறந்தபோது அவர் வந்து சேர்ந்தார். அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளை ஏற்பாடு செய்துவிட்டு வந்திருந்தார். இளைத்திருந்தார். செடி முழங்கால் உயரத்துக்கு நின்றது. கேட்டுக்குள் கால் வைத்ததும் அதைத்தான் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அது முழுதாக வருவதற்குள் தேசம்மா பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நல்லா பாத்துக்கோ உன் செடிய. அதுக்குத் தண்ணி தூக்கிக்கினு வந்து உன் பொண்டாட்டி மூச்சு வுட முடியாம இங்கதான் குந்திகினு கெடந்துச்சி. நான் இல்லன்னா இன்னா ஆயிருக்கும்னு யோசி."

அவர் பையை எடுத்துக்கொண்டு மேலே போனார். நான் பின்னாலேயே போய், செடி பிழைத்துவிட்டது, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்றேன். சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்தச் செடியின் பக்கமே போகவில்லை. இது எனக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது. வருடம் முழுக்கச் செடி செடி என்று உயிரை வாங்கியவர், அது நின்ற பிறகு திரும்பிப் பார்க்க மாட்டேன் என்கிறார். அப்படியானால் நான் எதற்குச் சுமந்தேன்?

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. சடையங்குப்பம் பக்கமெல்லாம் படகு விட்டார்கள். எங்கள் சாலையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கறுப்பாக, எண்ணெய் மினுமினுப்போடு, பெயர் தெரியாத ஒரு நாற்றத்தோடு. கடைச் சரக்கை மேலே ஏற்றிவிட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். செடியின் தலை மட்டும் தெரிந்தது. மறுநாள் அதுவும் தெரியவில்லை.

"போச்சு," என்றேன்.

"போனாப் போட்டும்," என்றார் அவர்.

தண்ணீர் வடிய நாளானது. வடிந்த பிறகு சுவரிலும் செடியிலும் ஒரே உயரத்தில் கறுப்புக் கோடு. கிளைகளில் பாலித்தீன் பைகள் தொங்கின. பைகளைப் பிரித்தெடுத்து, நல்ல தண்ணீரில் துணியை நனைத்து இலைகளைத் துடைத்தேன். கறுப்பு வழித்துக்கொண்டு வந்தது. உள்ளே பச்சை அப்படியே இருந்தது. அன்றைக்கு அந்தச் செடியை நான் திட்டிய திட்டை எந்தப் பத்திரிகையும் போடாது.

ஜெனி வந்தாள்

கிறிஸ்துமஸுக்கு ஜெனி வந்து இறங்கினபோது வேலி இடுப்பளவு இருந்தது. வெள்ளைப் பூக்கள் கூட விட்டிருந்தது, நீள நீளமான ஊதா இழைகளோடு. அவள் போனில் படம் பிடித்து, இது சங்கங்குப்பி, கடலோரச் செடி என்று கண்டுபிடித்துச் சொன்னாள். வருடக் கடைசியில் எங்களுக்குப் பெயராவது தெரிந்தது.

ஆராதனை முடிந்து வந்து மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். நானே முந்திக்கொண்டேன். அப்பா ஜெயித்துவிட்டார், இனிமேல் மாத்தூர் பேச்சு வேண்டாம், அதை வாடகைக்கு விட்டுவிடு என்று ஜெனியிடம் சொன்னேன். குரல் சரியாகத்தான் வந்தது.

வீட்டுக்காரர் கறியிலிருந்து எலும்பை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"ஜெனி, அந்தச் சாவி எங்க வச்சிருக்க?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன்.

"செடி நின்னுட்டு, சரி. அதுக்காக உங்கம்ம இங்கன கெடந்து இழுத்துக்கிட்டுக் கெடக்கணுமா? வீட்ட அங்க மாத்திருவோம். நான் பஸ்ல வந்து கடையத் தொறக்கேன்."

"விடியக்காலத்துல வாரவங்க?" என்று கேட்டேன்.

"வேற கடைல வாங்கட்டும்."

எப்போது முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். ஊரிலிருந்து வந்த அன்றைக்கே என்றார். பிறகு ஏன் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்றதற்கு, ஜெனி வரட்டும் என்று இருந்தேன் என்றார்.

நான் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டேன். வீட்டை மாற்றிக் கடையை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தால் குரோட்டன்ஸ் இல்லை, துஜா இல்லை, குடம் இல்லை. ஜெனி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

மாத்தூர்

தை மாதத்தில் குடிபோனோம். வேலியின் பொறுப்பு தேசம்மாவுடையது. அவளைக் கேட்காமல் யாரும் ஒரு கிளை ஒடிக்க முடியாது என்று கேள்வி.

மாத்தூரில் ஊட்டிக் காற்று வீசவில்லை. சில சாயங்காலங்களில் மணலிப் பக்கத்திலிருந்து ஒரு வாடை வரத்தான் செய்கிறது. அவர் உடனே என் முகத்தைப் பார்ப்பார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வேறு பேச்சுப் பேசுவேன். ஆனாலும் கம்பியைத் துடைத்தால் கை கறுக்கவில்லை. எனக்கு மூச்சு இலேசாகத்தான் இருந்தது.

குடிபோன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்து கண் அசந்துவிட்டார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தெருவில் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதி எனக்கு இன்னும் பழகவில்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய விசில் மாதிரி, இழுத்து இழுத்து. அது எனக்குத் தெரியாத சத்தமா? இங்கேயும் எனக்கு ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். பார்க்கலாம் என்று மூச்சைப் பிடித்து நிறுத்தினேன்.

சத்தம் நிற்கவில்லை.

எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்று கேட்டேன். பிறகு தோளைத் தட்டி எழுப்பினேன்.

"எவ்வளவு நாளா?"

"எது?"

"இந்த இழுப்பு."

"கொஞ்ச நாளாத்தான்," என்றார்.

என் பஃப்பை எடுத்து வந்து நீட்டினேன். எப்படி உபயோகிப்பது என்று சொல்லத் தொடங்குவதற்குள் அவர் அதை வாங்கிக் குலுக்கினார். மூச்சை முழுக்க வெளியே விட்டார். உதட்டை இறுக்கிக்கொண்டு, அழுத்தி, இழுத்து, கண்ணை மூடி நிறுத்தி வைத்தார். அதைப் பிசகாமல் செய்ய எனக்குப் பல மாதம் பிடித்தது. அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மூச்சை விட்ட பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அங்கன லாரிச் சத்தத்துல ஒனக்குக் கேக்கல."

பேசினால் எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே போய் அவருடைய சட்டையை எடுத்து வந்து மடியில் போட்டேன்.

"எந்திரிங்க. டாக்டர்ட்ட போகணும்."

"ஞாயித்துக்கெழம எந்த டாக்டர் இருப்பாரு?"

"இருக்கிற டாக்டர்."

எழுந்து போட்டுக்கொண்டார். பொத்தான்களை மாற்றி மாட்டியிருந்தார். ஒவ்வொன்றாகக் கழற்றி, மேலிருந்து சரியாகப் போட்டுவிட்டேன். செருப்பை மாட்டச் சொல்லிவிட்டு, கதவை இழுத்துப் பூட்டினேன்.